சாவடிக்கு அப்பால் ஓவேலி

வேலி என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு பொருள் வழங்குகின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவரைக் கேட்டால், ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் என்பார். மற்றவர்களைக் கேட்டால், முள்ளோ கம்பியோ வைத்து அடைத்த அடைப்பு என்பார்கள். நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூருக்குத் தெற்கே கிடக்கும் ஓவேலிக்கு இவ்விரண்டு பொருளோடும் பிறப்பில் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆக்டர்லோனி என்னும் வெள்ளைக்காரரின் பெயரால் 'ஆக்டர்லோனி வாலி' என்று ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. நம்மவர்களுடைய நாவு அவ்வளவு பெரிய பெயரைச் சுமக்குமா? முதல் எழுத்தை மட்டும் 'ஓ' என்று வைத்துக்கொண்டு, வாலியை வேலியாக்கி விட்டார்கள். கிஷ்கிந்தையோடு குழப்பம் நேராமல் அவ்விதம் ஊர் பிழைத்தது.

ஆயினும் பெயருக்கும் தலைவிதிக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று நம்புகிறவர்களுக்கு ஓவேலி நல்ல சாட்சி. அந்த ஊரின் கதை முழுவதும் நிலத்தைப் பற்றியதும் அடைப்பைப் பற்றியதுமே ஆகும்.

கூடலூர் என்பது சாலைகள் கூடும் ஊர். கிழக்கே ஊட்டிக்கு ஏறும் மலைப்பாதை. வடக்கே முதுமலைக் காட்டைப் பிளந்துகொண்டு மைசூருக்கு ஓடும் பெரிய சாலை. மேற்கே நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கும் வழி. இம்மூன்றையும் மோட்டாரில் வரும் உல்லாசப் பிரயாணிகள் நன்கு அறிவார்கள். நான்காவதாக ஒரு சாலை உண்டு. அது தெற்கே திரும்பி, சூண்டி, ஆரோட்டுப்பாறை, பார்வுட், எல்லமலை, பெரியசோலை என்று தமிழும் இங்கிலீஷும் கைகோத்து நிற்கும் ஊர்களுக்குச் செல்கிறது. அந்தச் சாலையில் போக வேண்டுமானால் ஜீப்பே வாகனம். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது; சாயங்கால நேரத்தில் கூடலூர் கடைவீதி வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. நாம் ஏறியபோது, அரிசி மூட்டை ஒன்று, பள்ளிக்கூடப் பைகள் நான்கு, நேந்திரங்குலை ஒன்று, மருந்துச் சீட்டைக் கையில் மடித்துப் பிடித்த முதியவர் ஒருவர், அவர் மடியில் பேரன் ஒருவன், இவ்வளவுக்கும் நடுவில் நமக்கும் ஓர் இடம் கிடைத்தது.

சற்றுத் தூரம் சென்றதும் சாலைக்குக் குறுக்கே ஒரு கம்பு. அருகில் ஒரு சிறு கொட்டகை. அதுதான் வனத்துறையின் சோதனைச் சாவடி.

சாவடியிலிருந்து வந்தவர் இளைஞர், மரியாதைஸ்தர். உள்ளூர் முகங்களைப் பார்த்ததும் தலையை அசைத்துவிட்டு, நம்மிடம் வந்து, "ஐயா எந்த ஊருங்க? யார் வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை ஓவேலிக்குள் விடுவதில்லை. நம் வரைக்கும் இதில் வருத்தம் ஒன்றுமில்லை. காட்டு ஓரத்தில் பாட்டுப் பெட்டியை அலறவிட்டு, கண்ணாடிப் புட்டிகளை உடைத்து எறிந்துவிட்டுப் போகும் கூட்டத்தை நீலகிரி எவ்வளவோ பார்த்துவிட்டது. ஆனால் அந்த இளைஞரின் கண் அடுத்தபடியாக ஆசனத்தின் அடியில் சென்றது. அங்கே ஒரு சிமெண்டு மூட்டை இருந்தது. முழு மூட்டைகூட இல்லை, அரை மூட்டை.

ஜீப்பில் அதுவரை நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றுவிட்டது.

"இது யாருதுங்க?"

"என்னுதுதான் தம்பி. அடுப்புத் திண்ணை இடிஞ்சு போச்சு. பூசணும்."

"லெட்டர் இருக்குங்களா?"

இருக்கவில்லை. அரை மூட்டை சிமெண்டு கீழே இறங்கியது. பக்கத்து டீக்கடைக்காரர் அதை வாங்கி, மழை படாத மூலையில் வைத்துக்கொண்டார். வைத்த லாகவத்தைப் பார்த்தால், அந்த மூலைக்கு இது முதல் மூட்டை அல்லவென்று தோன்றியது. ஜீப் நகர்ந்தது. பேச்சு மறுபடியும் தொடங்கியது. யாரும் கோபிக்கவில்லை என்பதுதான் நமக்கு வியப்பாக இருந்தது. தினந்தோறும் பெய்யும் மழையை யார் கோபித்துக்கொள்கிறார்கள்?

ஓர் ஊருக்குள் அரிசி போகலாம், மண்ணெண்ணெய் போகலாம், மாப்பிள்ளை வீட்டுச் சீர்கூடப் போகலாம். ஆனால் செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் கூரைத் தகடும் போகும்போது மட்டும் ஏன் கேள்வி வருகிறது? போக்குவரத்துத் தடை என்றால் வண்டிகளைப் பற்றிய தடை என்றுதான் நாம் நினைக்கிறோம். ஓவேலியில் வண்டி ஒரு சாக்கு. உள்ளே இருக்கும் சாமானுக்குத்தான் தடை. அந்தச் சாமான் எந்த நிலத்தின்மேல் போய் உட்காரப்போகிறது, அந்த நிலம் யாருடையது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நீலகிரியை அளந்து கணக்கெடுத்த காப்டன் ஜான் ஆக்டர்லோனி என்பவரின் சகோதரர் ஜேம்ஸ் ஆக்டர்லோனி. 1845-ஆம் ஆண்டை ஒட்டி இந்தப் பள்ளத்தாக்கில் காட்டை வெட்டிக் காப்பி பயிரிடத் தொடங்கியவர் அவர்தான். நிலம் அவருடையதல்ல. மலைக்குக் கீழே, இன்று மலப்புறம் ஜில்லாவில் உள்ள நிலம்பூர் கோவிலகத்தாருக்கு ஜன்ம உரிமையாக இருந்த நிலம் அது. ஜன்மம் என்றால் மலையாள தேசத்து வழக்கப்படி பரம்பரையாக வரும் முழுப் பாத்தியதை. தோட்டக்காரர்கள் குத்தகைதாரர்கள். பள்ளத்தாக்கு அக்காலத்தில் வயநாட்டோடு சேர்ந்து மலபார் ஜில்லாவில் இருந்தது. 1873-இல் நீலகிரியோடு சேர்த்தார்கள். 1877-இல் தென்கிழக்கு வயநாட்டையும், அதாவது கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளையும், சேர்த்தார்கள். காப்பிச் செடியை இலை நோய் தின்றது. பிறகு தேயிலை வந்தது. துரைகள் மாறினார்கள், ஜன்மி மட்டும் மாறவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு ஜமீன்களை ஒழித்தாகிவிட்டது. ஜன்மத்தை மட்டும் விட்டுவைப்பானேன்? 1969-இல் சென்னைச் சட்டசபை கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சுமார் 80,000 ஏக்கர் நிலம் அதற்குள் வந்தது. சட்டத்தின் சாரம் எளியது. ஜன்மி தாமே சாகுபடி செய்த நிலத்துக்கு அவருக்குப் பட்டா, குடியானவர்கள் சாகுபடி செய்ததற்குக் குடியானவர்களுக்குப் பட்டா, காடு சர்க்காருக்கு. தோட்டக் கம்பெனிகள் குத்தகைக்கு வைத்திருந்த நிலங்களை என்ன செய்வது என்பதைப் பதினேழாவது பிரிவு சொல்லிற்று. குத்தகை இப்போதைக்குத் தொடரலாம். வேண்டாமென்றால் சர்க்கார் அதை முடித்துக்கொள்ளலாம். இந்த 'இப்போதைக்கு' என்ற ஒரு சொல்லின் நிழலிலேதான் ஓவேலியின் பெரும்பகுதி அரை நூற்றாண்டாக உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் பிறந்த உடனே கோர்ட்டுக்குப் போயிற்று. 1972-இல் பால்மடீஸ் தோட்டத்தார் தொடுத்த வழக்கில், சட்டம் செல்லும், ஆனால் காடுகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் பகுதி மட்டும் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1974-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் வைத்தார்கள். அந்த அட்டவணையில் வைத்த சட்டத்தைக் கோர்ட்டு தொட முடியாது என்று அப்போது எண்ணம். அதே ஆண்டு நவம்பர் 27-இல் சட்டம் அமலுக்கு வந்தது. "தொட முடியாது என்பது சரிதானா?" என்று கொயெல்லோ என்பவரின் வழக்கு கேட்டது. அது ஒன்பது நீதிபதிகள் முன்னிலைக்குச் சென்றது. 2007 ஜனவரி 11-இல் ஒரே குரலில் தீர்ப்பு வந்தது. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அட்டவணையில் வைத்த எந்தச் சட்டத்தையும், அது அரசியல் சட்டத்தின் அடிப்படையையே குலைக்கிறதா என்று கோர்ட்டு பார்க்கலாம் என்பதே தீர்ப்பு. 2010-இல் கிளன்ராக் தோட்டத்தாரின் வழக்கில் கூடலூர்ச் சட்டம் அந்தச் சோதனையிலும் தேறிவிட்டது.

இதற்கிடையில் இன்னொரு வழக்கு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவர், ஒரு காலத்தில் தம் குடும்பத்தாருடையதாக இருந்த கூடலூர்க் காடுகளில் மரங்கள் கண்மூடித்தனமாக வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறாமல் 1995-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு பாரத தேசம் முழுவதையும் கட்டிப்போட்டது. அகராதியில் காடு என்றால் என்ன பொருளோ அதுவே காடு. அது யாருக்குச் சொந்தமாயிருந்தாலும் சரி. மத்திய சர்க்காரின் அனுமதியின்றி அங்கே வேறு காரியம் எதுவும் நடக்கக் கூடாது. திருமுல்பாடு 2016-இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய வழக்கு அவருக்குப் பிறகும் நடந்தது.

நேயர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியிலும் ஒரு மாணவன் இவ்விரண்டு வழக்குகளைப் படிக்காமல் வெளியே வர முடியாது. இரண்டும் பிறந்த மண் கூடலூர் மண். அரசியல் சட்டத்துக்கு இத்தனை உபகாரம் செய்த மண்ணில் ஒருவர் அடுப்புத் திண்ணை பூசுவதற்கு அரை மூட்டை சிமெண்டு கொண்டுபோக முடியவில்லை.

அங்கே வாழ்கிறவர்கள் யார்? காடு அவர்களுக்கு முன்பா, அவர்கள் காட்டுக்கு முன்பா? பணியர்களையும் காட்டுநாயக்கர்களையும் பற்றி இந்தக் கேள்வி கேட்பதே பாவம். அவர்களுக்குப் பிறகு தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1964 அக்டோபரில் ஸ்ரீ லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிரிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் தங்கினார்கள். தேயிலை தெரிந்தவர்கள் ஆனபடியால், பலர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். சிலருக்குச் சர்க்கார் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கிடைக்காதவர்கள் கூடலூர், ஓவேலிப் பக்கங்களில் கைக்கு எட்டிய ஓர் ஏக்கர், அரை ஏக்கரில் தேயிலையும் மிளகும் வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள். சிலர் அந்த நிலத்தைப் பணம் கொடுத்தே வாங்கினார்கள். விற்றவரிடம் விற்க உரிமை இருந்ததா என்று கேட்க அவர்களுக்குத் தெரியாது.

நாம் தங்கிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். வயது எழுபதுக்கு மேல். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கருத்துப்போன விரல்கள். கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கையில் ஒரு குழந்தையும் வயிற்றில் ஒன்றுமாகக் கப்பல் ஏறினாராம்.

"அங்கே இருந்தப்போ எங்களை இந்தியாக்காரங்கன்னு சொன்னாங்கய்யா. இங்கே வந்தப்புறம் சிலோன்காரங்கன்னாங்க. இப்போ அதுவும் இல்லை. இப்போ நாங்க பதினேழு" என்றார்.

பதினேழாவது பிரிவு நிலத்தில் குடியிருப்பவர்கள் என்று பொருள். மனிதர்களுக்குச் சட்டப் பிரிவின் எண்ணையே ஜாதிப் பெயராகச் சூட்டியிருப்பதை வேறெங்கும் நாம் கேட்டதில்லை.

பாட்டியின் வீட்டுக் கூரை போன ஆனி மாதத்துக் காற்றில் பறந்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை ஓவேலியில் எப்படிப் பெய்யும் என்பதை எழுத்தில் காட்ட முடியாது. மூன்று நாள், நான்கு நாள் என்று விடாமல் ஊற்றும். மண் சுவர் ஊறி, உள்ளே கால் வைத்தால் பதியும். நான்கு தகரத் தகடுகள் வாங்க மகன் கூடலூருக்குப் போனான். வாங்கிவிட்டான். கொண்டுவர ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். ஓர் ஆபீஸில் கேட்டால், "பழைய வீடு என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா" என்றார்கள். வீட்டு வரி ரசீதைக் காட்டினான். "இது வீட்டுக்குத்தான் ரசீது; நிலத்துக்கு அல்லவே?" என்று இன்னோர் ஆபீஸில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்! வீட்டுக்கு வரி வாங்கும் சர்க்காரும் நிலத்துக்குப் பட்டா மறுக்கும் சர்க்காரும் ஒன்றேயானாலும், அவை ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. நாம் போயிருந்தபோது பாட்டியின் வீட்டுக்குமேல் நீலநிறத் தார்ப்பாய் ஒன்று கட்டியிருந்தது. அதன்மேல் காற்றுக்குப் பாரமாக ஏழெட்டுக் கருங்கற்கள் வைத்திருந்தார்கள். தகடுகள் கூடலூரில் கடைக்காரரிடமே இருந்தன.

மின்சாரக் கதையும் இதற்குத் தம்பிதான். பட்டா இல்லாத வீட்டுக்கு இணைப்பு இல்லை என்று ஆயிரக்கணக்கான வீடுகள் பல்லாண்டு இருட்டிலிருந்தன. நீலகிரி மலை முழுவதும் நீர்மின் நிலையங்கள். அங்கே பிறக்கும் மின்சாரம் மலையிறங்கிச் சமவெளிக்கு ஓடுகிறது.

இவ்வளவு கேட்டபின், சாவடியில் நிற்கிறவர்களைத் துஷ்டர்களாக நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. ஓவேலியில் சூரியன் சாய்ந்த பிறகு நாம் கண்ட காட்சி இது. ஆறு மணிக்கெல்லாம் கதவுகள் சாத்தப்பட்டன. கடைக்குப் போன பையனைத் தேடித் தகப்பனார் டார்ச் விளக்கோடு புறப்பட்டார். தேயிலைக்குள் எங்கோ கிளை முறியும் ஓசை கேட்டது. "ஆனை" என்றார் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுவதுபோல. இந்தப் பள்ளத்தாக்கு யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி. காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காட்டை வெட்டினோம். அவற்றுக்கு மிஞ்சியது துண்டு துண்டான சோலைகள். ஒரு துண்டிலிருந்து மற்றொரு துண்டுக்கு அவை எப்படிப் போகும்? லைன் வீடுகளின் நடுவே, பள்ளிக்கூடத்துப் பின்புறமாகத்தான் போகும்.

ஓவேலியில் ஒரு யானைக்கு 'ராதாகிருஷ்ணன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் அதனால் இறந்தார்கள். இறந்தவர்களில் அதிகாலையில் வேலைக்குப் போனவர் உண்டு. இருட்டில் வீடு திரும்பியவர் உண்டு. ஒவ்வொரு மரணத்தின்போதும் ஜனங்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். முடிவில் 2025 செப்டம்பரில் கும்கிகளைக் கொண்டுவந்து, மயக்க ஊசி போட்டு, அதைப் பிடித்தார்கள். முதுமலையில் மரக்கூண்டில் சில காலம் வைத்திருந்து, பிறகு தெற்கே வெகுதூரத்தில் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த யானை போய்விட்டது, யானைகள் போகவில்லை. இரவில் கூப்பிட்டால் கையில் வேட்டுடன் முதலில் ஓடிவருகிறவர்கள் சாவடியில் சிமெண்டை இறக்கச் சொன்ன அதே வனத்துறை ஊழியர்கள்தாம். ஒவ்வொரு மூட்டை சிமெண்டையும் உள்ளே விட்டால், பாட்டியின் கூரைக்கு முன்னால் பணக்காரர்களின் விடுதிகள் எழும்பிவிடும் என்று அவர்கள் அஞ்சுவதும் வீண் அச்சமல்ல. மசினகுடிப் பக்கத்தில் யானை வழித்தடத்தில் முளைத்த விடுதிகளின் விவகாரம் 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனதை யாரும் மறக்கவில்லை.

ஆனால் விடுதிக்காரருக்கும் பாட்டிக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளச் சாவடியில் நிற்பவரிடம் என்ன கருவி இருக்கிறது? கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். இருவரும் அதில் ஒரே பக்கத்தில்தான் வருகிறார்கள்.

ஓவேலிக்காரர்களுக்கு இந்தச் சாவடி ஒன்றுதான் வாசற்படி என்று எண்ண வேண்டாம். வீட்டைவிட்டுப் புறப்பட்டால் வாசற்படிகள் வரிசையாக இருக்கின்றன. கூடலூரிலிருந்து மைசூருக்குப் போகும் சாலை பந்திப்பூர்க் காட்டின் வழியே செல்கிறது. 2009-இல் சாமராஜநகர் ஜில்லா அதிகாரி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே வண்டிகள் ஓடக் கூடாதென்று உத்தரவிட்டார். 2010-இல் கர்நாடக ஹைகோர்ட்டும் அதை உறுதிசெய்தது. இரவில் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசி நின்று அடிபட்டுச் செத்த மான்களும் சிறுத்தைகளும் அதற்குக் காரணம். நல்ல உத்தரவுதான். கூடலூர் வியாபாரிகள் அதற்கேற்பக் கடிகாரத்தை மாற்றி வைத்துக்கொண்டார்கள். மைசூரில் பெண் கொடுத்தவர்கள் கலியாண முகூர்த்தத்தைவிடக் காக்கநல்லாச் சாவடி மூடும் நேரத்தையே முதலில் கேட்கிறார்கள் என்று ஒருவர் நம்மிடம் சொன்னார். வேடிக்கைக்குத்தான் சொன்னார், கூட இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

அடுத்தது 'இ-பாஸ்'. கோடைக்காலத்தில் ஊட்டிக்கு வரும் வண்டிகள் மலையின் சக்திக்கு மிஞ்சிவிட்டன என்று சென்னை ஹைகோர்ட்டு 2024 ஏப்ரலில் கூறியது. மே 7 முதல் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே பதிவுசெய்து சீட்டுப் பெற்று வர வேண்டும் என்றாயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து அந்தக் கோடைக்கு எண்ணிக்கைக்கும் எல்லை வைத்தார்கள். வார நாட்களில் 6,000 வண்டிகள். சனி ஞாயிறுகளில் 8,000. நீலகிரிப் பதிவெண்ணான 'டி.என். 43' உள்ள வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஊட்டி ஹோட்டல்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஊட்டிவாசிகள் சற்று மூச்சுவிட்டார்கள். கூடலூரில் வேறொரு சங்கடம். அங்கே உறவும் வியாபாரமும் எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும் மைசூரிலும் இருக்கின்றன. பாட்டியின் மருமகன் வயநாட்டுக்காரர். அவர் மாமியாரைப் பார்க்க வரும் ஜீப் கேரளப் பதிவு. ஆகையால் அவர் சட்டத்தின் கண்ணில் உல்லாசப் பிரயாணி. மாமியார் வீட்டுப் பிரயாணத்தை உல்லாசம் என்று கருதிய பெருமை சர்க்காரையே சேரும்!

இந்தத் தடைகளுக்குள் ஒரு பேதம் இருப்பதை நாம் கவனித்தோம். 9 மணித் தடையும் இ-பாஸும் எல்லோருக்கும் தெரிந்தவை, எழுத்தில் உள்ளவை, நேரமும் எண்ணும் சொல்லிவிடுகின்றன. ஒரு மனிதன் அவற்றுக்குத் தக்கபடி தன் நாளை அமைத்துக்கொள்ளலாம். ஓவேலிச் சாவடியில் எது போகும், எது போகாது என்பதை ஜீப் அந்தக் கம்பை அடையும் வரை யாராலும் சொல்ல முடியவில்லை. போன மாதம் போன தகடு இந்த மாதம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன மணல் நமக்குப் போகவில்லை. மறுப்பைவிட நிச்சயமின்மையே ஜனங்களை அதிகம் வாட்டுகிறது.

உள்ளூர் அரசியலுக்கு வருவோம். ஓவேலி ஒரு பேரூராட்சி. 2022 பிப்ரவரி 19-இல் தமிழ்நாடு முழுவதும் நகர்ப்புறத் தேர்தல் நடந்தபோது இங்கும் நடந்தது. சுவரொட்டிகளில் சின்னங்கள் வேறு, வாக்குறுதிகள் ஒன்றே. பட்டா, மின்சாரம், சாலை. பட்டா கொடுக்கப் பேரூராட்சிக்கு அதிகாரம் இல்லை என்பது வேட்பாளருக்கும் தெரியும், வாக்காளருக்கும் தெரியும். பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் அவருக்கு ஊரின் கஷ்டம் தெரியவில்லை என்று ஆகிவிடும் அல்லவா! குழி விழுந்த சாலையைச் செப்பனிடவும், ஒரு கம்பம் நட்டுத் தெருவிளக்குப் போடவும்கூட வனத்துறையின் சம்மதம் வேண்டியிருக்கிறது. சம்மதம் கேட்டு எழுதிய கடிதங்களே தம் பதவிக்காலத்தின் சாதனை என்று ஒரு முன்னாள் கவுன்சிலர் நம்மிடம் சொன்னார். கட்டு ஒன்றை எடுத்துக் காட்டவும் செய்தார். கரையான் அதில் பாதிக்குச் சம்மதம் கொடுத்துவிட்டிருந்தது.

அதே 2022-இல் ஜூன் 3-ஆம் தேதி, தேசியப் பூங்காக்களையும் வனவிலங்குச் சரணாலயங்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டபோது, கூடலூர் தாலுகாவே கடையடைப்புச் செய்தது. கட்சிகள் யாவும் ஒன்று சேர்ந்தன. அந்த உத்தரவு 2023 ஏப்ரலில் தளர்த்தப்பட்டது. ஓவேலிவாசிகளைப் பொறுத்தமட்டில் வளையம் வந்ததும் தெரியவில்லை, தளர்ந்ததும் தெரியவில்லை. அவர்கள் வளையத்துக்குள்ளேயே பிறந்தவர்கள்.

நமது அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. யானைக்கு வழி வேண்டும். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. மிஞ்சிய சோலைகளை ஒரு கோலளவும் குறைக்கக் கூடாது. ஆனால் பதினேழாவது பிரிவு நிலத்தில் எது காடு, எது தோட்டம், எது குடியிருப்பு என்று சங்கிலி பிடித்து அளந்து, எல்லைக் கல் நட்டு, எத்தனை ஆண்டாக யார் அங்கே இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, 'உண்டு' என்பவர்க்கு உண்டு என்றும் 'இல்லை' என்பவர்க்கு இல்லை என்றும் சொல்வது சர்க்காரால் ஆகாத காரியமா? இல்லை என்றால், இன்ன இடத்தில் மாற்று நிலம் என்றாவது சொல்லலாம். 1847-இல் ஒரு வெள்ளைக்காரக் காப்டன் மலை முழுவதையும் அளக்கப் புறப்பட்டான். சுதந்திர சர்க்காருக்கு ஒரு பள்ளத்தாக்கை அளக்க எத்தனை காலம் வேண்டும்? அளக்காமல் விட்ட வேலையை எல்லாம் சாலையில் நிற்கும் ஓர் இளைஞர் தலையில் போட்டு, கம்பைத் தூக்கு, இறக்கு என்றால், அவர்தாம் என்ன செய்வார்?

இதை அந்த இளைஞரிடமே நாம் கேட்டிருக்கலாம். திரும்பும்போது கேட்கலாம் என்றுதான் எண்ணியிருந்தோம். மறுநாள் காலை மூடுபனி. பாட்டி ஒரு சிறு பொட்டலம் மிளகு கொடுத்து, "ஊருக்குக் கொண்டு போங்கய்யா, நம்ம கொடியில காய்ச்சது" என்றார். தகடு வாங்கின கடையைக் கூடலூரில் நாம் தாண்டித்தான் போவோம் என்பதால், அங்கே சொல்லுவதற்கு ஒரு செய்தியும் கொடுத்தார். கார்த்திகை வரைக்கும் அந்த நான்கு தகடுகளையும் வேறு யாருக்கும் விற்றுவிடக் கூடாதாம், முன்பணம் கொடுத்திருக்கிறதாம்.

சாவடியில் அன்று வேறொருவர் இருந்தார். வெளியே போகிற ஜீப்பை யாரும் சோதிப்பதில்லை. கம்பு தானே உயர்ந்தது. டீக்கடை மூலையில் அரை மூட்டை சிமெண்டு அப்படியே இருந்தது. பனியில் நனையாமல் அதன்மேல் கடைக்காரர் ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார்.